ஆட்டுத்தோணிக்குப் பேச்சுத்துணை

இந்த சீட்டுக்கு ஆளு வருதா தம்பி? இல்லல்லா? அப்ப உக்காருதேன். காதுல மாட்டியிருக்கதக் கழட்டணும்னு இல்ல. நீங்க பாட்டக் கேளுங்க, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு வாரேன். எனக்கு அதுல ஒரு வருத்தமும் கெடையாது. அட, கழட்டிட்டீகளே! நல்ல மனசு உங்களுக்கு.

மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். ஒரு விசாரணை. அய்யய்யோ, தள்ளி உக்காராதீக, கொலக் கேசு இல்ல. நான் குத்தவாளியும் இல்ல, சாட்சி. சட்ட புதுசு, பாத்தீகளா? தனசிங் மொதலாளி எடுத்துக் குடுத்தாரு. பஸ்ஸுக்குக் காசும் அவருதான். எம் பேரு மாடக்கண்ணு. ஊரு ஓட்டப்பிடாரம் பக்கம். தொழிலு என்னன்னு கேளுங்க. கேக்க மாட்டீகளா? சரி, நானே சொல்லுதேன். பேசுறதுதான் தொழிலு.

பேசுறதுன்னதும் வக்கீலுன்னோ கட்சிக்காரன்னோ நெனச்சிராதீக. ஆட்டுக்கிட்டப் பேசுறது. சிரிங்க, சிரிங்க. சிரிக்காதவன் எவன் இருக்கான்? எம் பொண்டாட்டியே சிரிச்சவதான்.

தூத்துக்குடியில இருந்து மாலத்தீவுக்குத் தோணி போவும்லா? தோணின்னதும் மீன் பிடிக்க வள்ளம்னு நெனச்சுக்கிடாதீக. மரத்துல கட்டுனது, ஊட்டவிடப் பெருசு. வெங்காயம் போவும், செங்கல் போவும், ஜல்லி போவும். அதோட ஆடும் போச்சு. உசுரோட. அங்க பெருநாளு, கல்யாணம் எல்லாத்துக்கும் நம்ம ஊருக் கிடாதான். எட்டயபுரம் சந்தையில வாங்குவாக. ஒண்ணு வேம்பாத்துக் கிடா, ஒண்ணு கயத்தாத்துக் கிடா, ஒண்ணு எந்த ஊருன்னே தெரியாது. ஒண்ணுக்கொண்ணு மூஞ்சி பாத்ததில்ல. அப்படியே கொண்டுபோய் ஏத்துனா என்ன ஆவும்? கடலு ஒரு ஆட்டு ஆட்டுனா பயந்து எல்லாம் ஒரே பக்கமா ஓடும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். அடியில கெடக்குறது மூச்சு முட்டிச் செத்துரும். தோணியும் அந்தப் பக்கமாச் சாயும். தோணி சாஞ்சா ஆடு மட்டுமா சாவும்?

அதுக்குத்தான் நான். ஏத்துறதுக்கு முன்னால துறைமுகத்துக்கு வெளிய ஒரு பட்டியில அடைப்பாக. நான் நடுவுல கட்டிலப் போட்டுக்கிட்டுப் பேசுவேன். தண்ணி வைக்கும்போதும் பேசுவேன், திங்கக் கொழ தழ போடும்போதும் பேசுவேன். பேசிப் பேசி எங் கொரலு அதுகளுக்குப் பழகிரும். அப்புறம் நான் முன்னால பேசிக்கிட்டே, கரையில இருந்து தோணிக்குப் போட்ட பலகையில ஏறுனா, பின்னாலயே ஒவ்வொண்ணா வந்துரும். கம்பும் வேணாம், கயிறும் வேணாம். கீழ அறையில நிறுத்திட்டு, கரை சேருற வரைக்கும் நான் பேசிக்கிட்டே இருக்கணும். கொரலு கேட்டா நின்ன எடத்துல நிக்கும். எங்க அய்யா வயக்காட்டுல ஆட்டுக் கெட போட்ட காலத்துல இதெல்லாம் யாரும் செஞ்சதில்ல. நானாக் கண்டுபிடிச்சது. ஆட்ட வாங்கி ஏத்துற தனசிங் மொதலாளியே சொல்லுவாரு, மாடக்கண்ணு வாய்க்கு இன்சூரன்சு போடணும்னு.

என்ன பேசுவேன்னா கேக்கீக? எல்லாந்தான். ரேஷன் கடையில பாமாயில் இல்லன்னு திருப்பி அனுப்புனது, எங்க தெருக் கொழாயச் சரிபண்ணாதது, எம் பெரிய மச்சான் பாகப்பிரிவினையில பண்ணுன அநியாயம். அந்த அநியாயத்த அத்தன ஆட்டுக்கும் சொல்லியிருக்கேன். ஒண்ணுகூட மச்சானுக்குப் பரிஞ்சு பேசுனதில்ல. நடுநடுவுல "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல" அப்படின்னு போட்டுக்கிடுவேன். அது கடலுக்காக.

தோணியில மத்த ஆளுக இல்லையான்னா, இருந்தாக. தண்டல் இருந்தாரு, தஸ்நேவிஸ் தண்டல். தோணிக்குத் தலைவரு அவருதான். அவரோட ஆளுகளும் இருந்தாக. எல்லாம் கடலோடி சனம், தங்கமான சனம். அவுக மேல உக்காந்து சாப்பிடுவாக. எனக்குத் தட்டுல போட்டு ஏணிப்படியில வச்சிட்டுப் போயிருவாக. ஆட்டு வாட அடிக்கும்லா? அதுல தப்புச் சொல்ல முடியாது. அவுகளுக்கு வேல இருக்கும், என்கிட்ட உக்காந்து பேச முடியுமா? நானும் எதிர்பாக்க மாட்டேன்.

வீட்டுலயா? வீட்டுல நான் மட்டுந்தான். எம் பொண்டாட்டி சீனியம்மா திருப்பூருல மகன் வீட்டுல இருக்கா. மருமக பிரசவத்துக்கு ஒத்தாசையா ரெண்டு மாசம் இருந்துட்டு வாரேன்னு போனா. பேரன் இப்ப பள்ளிக்கூடம் போறான். அவனுக்கு மீச மொளச்சப்புறம் வருவா போல. போன் போட்டா, "அடுப்புல வேல கெடக்கு"ன்னு வச்சிருவா. எந்நேரமும் அடுப்புல வேல. பெரிய குடும்பம்லா? போகும்போது ஒண்ணு சொன்னா: "உங்க வாய்க்கு ஆடுதான் லாயக்கு." வெளையாட்டுக்குத்தான் சொன்னா. அவளுக்கு வெளையாட்டுப் பேச்சு ஜாஸ்தி.

ம், சொல்லு சொல்லுன்னு நீங்க கேக்காட்டியும் நான் சொல்லத்தான் போறேன். இப்ப ஆடு போறதில்ல. தடை. கடல் வழியா உசுருள்ள பிராணிய ஏத்தக் கூடாதுன்னு கோர்ட்டுல தற்காலிகமாத் தடை போட்டுட்டாக. ஆட்டுக்குக் கஷ்டமாம். தடையை நெரந்தரமாக்குறதா எடுத்துருறதான்னு பாக்க, ரிட்டையரான ஜட்ஜு ஒருத்தர வச்சு கமிட்டி போட்டிருக்காக. மதுரையில ஒரு கெஸ்ட் அவுஸ்ல வச்சு விசாரிக்காக. அங்கதான் போறேன். இன்னைக்கு நான் சொல்லுறதுலதான் இருக்கு எல்லாம். பெரும பேசல தம்பி. அறைக்குள்ள ஆட்டோட ஆடா நின்னுக்கிட்டுப் போன ஆளு நான் ஒருத்தன்தான். வேற எவனும் கெடையாது.

தடை எப்படி வந்துச்சு? அதுதான் கூத்து. என்னாலதான் வந்துச்சுங்காக! நான் என்ன செஞ்சேன்? பேசுனேன். பேசுறதுதானே எந் தொழிலு?

துறைமுகத்து வாசல் டீக்கடையில ஒரு பிள்ள வந்து உக்காந்துச்சு. சாருலதான்னு பேரு. மெட்ராசுப் பிள்ள, மாட்டு டாக்டருக்குப் படிச்சது. "அய்யா நீங்கதான் ஆடுகூடப் போறவரா, எப்படி இருக்கும், சொல்லுங்களேன்" அப்படின்னுச்சு. தம்பி, என்கிட்ட வந்து, உக்காந்து, சொல்லுங்களேன்னு இதுவரைக்கும் எவரும் கேட்டதில்ல. எனக்குக் கைகால் ஓடல. டீ வாங்கிக் குடுத்துச்சு. நான் என்ன சொன்னாலும், "அப்புறம்?"னு கேட்டுச்சு. பாமாயில் கதைக்கும் "அப்புறம்?". மச்சான் கதைக்கும் "அப்புறம்?". மறுநாளும் வந்துச்சு. அதுக்கு மறுநாளும் வந்துச்சு. போன்ல படம் பிடிச்சுக்கிடலாமான்னு கேட்டுச்சு. பிடிச்சுக்கோ தாயின்னேன். தலையச் சீவிட்டு வாரேன்னு சொல்லி, கடைக்காரன்கிட்டச் சீப்பு வாங்கிச் சீவுனேன். அந்தப் பிள்ளகிட்டத்தான் அந்த மழைக்கடல் கதையச் சொன்னேன்.

அது கடைசிக்கு முந்தின பயணம். பாதிக் கடல்ல காத்து திரும்பிருச்சு. பட்டப்பகல்லயே வானம் கறுத்துப் போச்சு. அல தூக்கித் தூக்கி அடிக்கு. மேல இருந்து தண்ணி அறைக்குள்ள எறங்குது. தண்டலு என்னை வெளிய இழுத்துப் போட்டுட்டு, அறைய மூடுங்கலேன்னுட்டாரு. பலகையப் போட்டு, மேல தார்ப்பாய இழுத்துக் கட்டிட்டாக. அவரு மேலயும் தப்பில்ல. மூடலன்னா தோணியே முழுகும். ஆனா உள்ள ஆடு நிக்குது. இருட்டு, சூடு, காத்துக் கெடையாது. கத்துது. கத்துறதுன்னா, சந்தையில கத்துற மாதிரியா? பிள்ள கத்துற மாதிரி.

நான் தார்ப்பாய் மேல குப்புறப் படுத்துக்கிட்டேன். அது ஓரத்தத் தூக்கிப் பாத்தா பலகைக்கு நடுவுல ஒரு சந்து இருந்துச்சு. அதுல வாய வச்சுப் பேசுனேன். "ஒண்ணுமில்ல சாமி, நான் இங்கனதான் இருக்கேன், ஒண்ணுமில்ல." கேட்டுருச்சு தம்பி! கத்தல் கொறஞ்சுச்சு. அவ்வளவு காத்துலயும் எங் கொரலு அதுகளுக்குக் கேட்டுச்சு. எம் மேல தண்ணி அடிக்கு, இடுப்புல கயிறு கட்டி ஒரு பய பிடிச்சுக்கிட்டு இருக்கான், நான் பேசுதேன். மச்சான் கதை முடிஞ்சு போச்சு, கொழாய்க் கதை முடிஞ்சு போச்சு, ஒண்ணு ரெண்டு மூணு சொல்லுதேன், பஸ் போற ஊரு பேரெல்லாம் சொல்லுதேன். குறுக்குச்சாலை, எட்டயபுரம், பந்தல்குடி, அருப்புக்கோட்ட, காரியாபட்டி. என்னத்தையாவது பேசணும்லா?

பேசப் பேச, தொண்ட கட்டிருச்சு. அப்புறம் காத்துத்தான் வந்துச்சு, சத்தம் வரல. கையால பலகையத் தட்டுனேன். தட்டுனா அதுக்கு என்ன தெரியும்? கொரலத்தான பழக்கி வச்சிருக்கேன்? உள்ள திமுதிமுன்னு ஒரே பக்கமா ஓடுச்சு. எனக்குக் கீழ கேக்குது. நான் வாயத் தெறந்து தெறந்து மூடுதேன்.

காத்து அடங்குனப்புறம் பலகையத் தெறந்தாக. ஆவி அடிச்சுது, சோத்துப்பானையத் தெறந்தா அடிக்கும்லா, அப்படி. ஒரு பக்கச் சுவரோட சுவராக் குவிஞ்சு கெடந்துச்சு. மேல கெடந்தது உசுரோட இருந்துச்சு. எத்தன செத்துச்சுன்னு நான் எண்ணல. எண்ணச் சொன்னாக, மாட்டேன்னுட்டேன். காலப் பிடிச்சுத் தூக்கித் தூக்கிக் கடல்ல போட்டாக. நெத்தியில வெள்ளக் கோடு போட்ட கன்னிக்கிடா, கன்னி ஆட்டுச் சாதி, ஒண்ணு இருந்துச்சு. பட்டியில நான் பேசும்போது எங் கட்டில் காலுல தாடைய வச்சுக்கிட்டு நிக்கும். அத நான்தான் தூக்கிப் போட்டேன். மத்தவன் தொட வேணாம்னு நெனச்சேன்.

மிச்சம் இருந்தது என்ன செஞ்சது தெரியுமா? நான் அறைக்குள்ள எறங்குனதும், வந்து எம் மேல சாஞ்சுக்கிட்டு நின்னுச்சு. எல்லாமே. என்னால ஒரு வார்த்த சொல்ல முடியல. தீவுல எறக்கும்போதும் கொரலு வரல. கொரலு இல்லாம பலகையில எறங்க மாட்டேன்னு நின்னுச்சு. அங்க உள்ளவனுக காதப் பிடிச்சு, காலப் பிடிச்சு இழுத்துட்டுப் போனானுக. எனக்கு அப்ப, கொரலு போனது ஒருவகையில நல்லதுதான்னு பட்டுச்சு. ஏன் அப்படிப் பட்டுச்சுன்னு தெரியல. விடுங்க.

இதையெல்லாம் அந்தப் பிள்ளகிட்டச் சொல்லி, கடைசியில என்ன சொன்னேன்? தெளிவாச் சொன்னேன். "தாயி, ஒத்த ஆளப் போட்டது தப்பு. ரெண்டு ஆளு வேணும். ஒருத்தன் தொண்ட போனா இன்னொருத்தன் பேசணும். மொதலாளிகிட்ட எத்தனையோ தடவ கேட்டேன், போட மாட்டேன்னுட்டாரு." இதுதான் நான் சொன்னது. ரெண்டாவது ஆளு! இதுக்கு ஒரு வழி பண்ணும்னு பாத்தா, அந்தப் பிள்ள கோர்ட்டுக்குப் போயி ஆட்டுத்தோணியவே நிப்பாட்டிருச்சு. நான் ஒண்ணு சொல்ல, அது ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போச்சு. படிச்ச பிள்ளக்கி இது வெளங்க வேணாமா?

எட்டயபுரம் வந்துருச்சு, பாருங்க. இன்னைக்குச் சந்த கெடையாது. அங்கன வேப்பமரத்தடியிலதான் மொதலாளி ஆளு நின்னு கிடா பிடிப்பான். என்னயக் கண்டா இப்ப மொகத்தத் திருப்பிக்கிடுதான்.

எல்லாரும் அப்படித்தான். அந்தப் படத்தக் கோர்ட்டுல போட்டுக் காட்டியிருக்காக. அது எல்லாருடைய போன்லயும் வந்துருச்சு. துறைமுகத்துக்குப் போனா, "வந்துட்டாருல, நம்ம பொழப்புல மண்ணப் போட்ட மகராசன்"னு எந்திரிச்சுப் போறாக. லோடு ஏத்துறவன், கொழ விக்கிறவன், லாரிக்காரன், எல்லாத்துக்கும்தான் அடி. டீக்கடைக்காரன் டீயக் குடுத்துட்டு அந்தப் பக்கம் பாத்துக்கிடுதான். தஸ்நேவிஸ் தண்டலு வீட்டுக்குப் போனேன். இல்லன்னு சொல்லுன்னு அவரு உள்ள இருந்து சொல்லுறது எனக்கே கேட்டுச்சு.

வீட்டுல ஒரு ஆட்டுக்குட்டியாவது வாங்கி வளக்கலாம்ல்லான்னு கேப்பீக. பாத்தேன். பேசுனா நிமிந்து பாக்குது. பாத்த ஒடன வாய மூடிக்கிட்டேன். என்னமோ, ஒத்த ஆட்டுக்கிட்டப் பேச வரல. பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டேன்.

அதான் மொதலாளி ஒரு யோசன சொன்னாரு. தண்டலும் மத்த ஆளுகளும் ஒண்ணுமே நடக்கலன்னு எழுதிக் குடுத்துட்டாக. நான் ஒருத்தன்தான் பாக்கி. நான் போயி, "அய்யா, அன்னைக்கு நான் குடிச்சிருந்தேன், அந்தப் பிள்ள டீ வாங்கிக் குடுத்துச்சேன்னு அதுக்குப் பிடிச்ச மாதிரி கதை விட்டேன், ஒரு ஆடும் சாவல" அப்படின்னு சொல்லணும். அவ்வளவுதான். தடை போயிரும், தோணி போவும், ஆடு போவும், நான் போவேன். ரெண்டாவது ஆளும் போடுதேன்னுட்டாரு! இத்தன வருசம் கேட்டு நடக்காதது. நம்ம ஊருல ரெண்டு வார்த்த பேசத் தெரிஞ்சவன் ஒருத்தனக் கூட்டிக்கிடலாம். அவனும் நானும் மாத்தி மாத்தி. போற வழியில ஒருத்தருக்கொருத்தரும் பேசிக்கிடலாம்.

நல்ல யோசனதானே?

சொல்லிப் பாக்கட்டுமா? நீங்க ஜட்ஜுன்னு வச்சுக்கிடுவோம். அய்யா, வணக்கம். நான் அன்னைக்குக் குடிச்சிருந்தேன். ஒரு ஆடும்... இருங்க. மொதல்ல இருந்து வாரேன். அய்யா, வணக்கம். நான் அன்னைக்குக் குடிச்சிருந்தேன். அந்தப் பிள்ள...

நான் குடிக்க மாட்டேன் தம்பி. சத்தியமா. குடிச்சா ஆட்டுக்குத் தெரிஞ்சுரும், கிட்ட வராது. பொய்தானே, சொன்னா என்ன தேஞ்சா போவும்? அது இல்ல எங் கவல. அந்தப் பிள்ளயும் அங்க எதுத்தாப்புல உக்காந்திருக்குமாம். அதுக்கு முன்னாலதான் சொல்லணுமாம். நான் அந்த மழைக்கடல் கதையச் சொல்லும்போது அது அழுதுச்சு. போனக் கீழ வச்சிட்டு அழுதுச்சு. "நீங்க அன்னைக்கு என்னய்யா பண்ணியிருக்க முடியும்"னு எங் கையப் பிடிச்சுச்சு. நான் ஊருப்பட்ட கதை பேசியிருக்கேன். எங் கதையக் கேட்டு அழுத ஆளு அது ஒண்ணுதான். அதப் பாத்து, அம்மா நீ அழுதது வீணு, நான் உளறுனேன்னு சொல்லணும்.

தெரியும், அது இனிமே என்னத் தேடி வராது. அதுக்கு வேல முடிஞ்சிரும், மெட்ராசுக்குப் போயிரும். நான் கோட்டிக்காரன் இல்ல, எனக்குத் தெரியும். நெசத்தச் சொன்னா என்ன கெடைக்கும்? வீட்டுக் கதவத் தெறக்கலாம், மூடலாம். பொய்யச் சொன்னா எல்லாம் கெடைக்கும். டீக்கடைக்காரன் திரும்பிப் பாப்பான். தண்டலு ஏணியில தட்டு வைப்பாரு. கணக்குப் பாத்தா பொய்தான் லாபம்.

ஆனா, ஒரு ஆடும் சாவலன்னு நான் சொல்லிட்டா, அதுக செத்ததுக்கு வேற யாரு சாட்சி? ஒடம்பு கடல்ல கெடக்கு. தண்டலு சொல்ல மாட்டாரு. அந்தக் கன்னிக்கிடா செத்தது பொய்யாயிரும். பலகைச் சந்துல வாய வச்சுக்கிட்டு நான் பேசுனது பொய்யாயிரும். நான் மறுபடி தோணியில ஏறி, புதுக் கிடாகிட்டப் போயி, "ஒண்ணுமில்ல சாமி"ன்னு எந்த வாயால சொல்லுவேன்? ரெண்டு ஆளு இல்ல, பத்து ஆளு வந்தாலும் அந்தப் பலகைய மூடத்தான செய்வாக? காத்து வந்தா மூடித்தான ஆவணும்?

இத இப்பத்தான் யோசிக்கேன் பாத்தீகளா. வாயில வந்தப்புறந்தான் தெரியுது.

மாட்டுத்தாவணி வந்துருச்சா? அதுக்குள்ளயா? பேசிக்கிட்டு வந்தா வழியே தெரியாது. இருங்க, போனு. மொதலாளிதான்.

ஆங், சொல்லுங்க மொதலாளி. வந்துட்டேன், பஸ்ஸு உள்ள நொழையுது... சாப்பிட்டேன்... ஆமா, அந்தச் சட்டதான்... மனப்பாடமாத்தான் இருக்கு... என்னது? இல்ல, குடிக்கல. இப்பவும் குடிக்கல, அன்னைக்கும் குடிக்கல. அந்தப் பிள்ளகிட்டச் சொல்லும்போது தெளிவாத்தான் இருந்தேன். அதத்தான் சொல்லப் போறேன் மொதலாளி... கோவப்படாதீக... வேல வேணும், வேணாம்னு யாரு சொன்னா? எனக்கு அத விட்டா என்ன இருக்கு?... தெரியும்... எல்லாரும் என்னத் திட்டுவாகன்னு தெரியும். இப்ப மட்டும் கொஞ்சுறாகளா?... செத்துச்சு மொதலாளி. நான் பாத்தேன். நான்தான் தூக்கிப் போட்டேன்... மொதலாளி?... மொதலாளி?

வச்சுட்டாரு.

வாரத்துல ஒரு நாளாவது இந்தப் போன்ல எம் பேரச் சொல்லிக் கூப்பிட்ட ஆளு அவரு ஒருத்தருதான் தம்பி. சரி, எந்திரிங்க, எறங்குவோம். பின்னால ஆளு நிக்குது.